உங்கள் ஈமெயில் உங்கள் கையில்: போனில் தொடங்குகிறவர்களுக்கு

சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேருக்குப் போன் பழக்கிக் கொடுக்கிறேன். களுவாஞ்சிகுடி, செட்டிபாளையம், குருமண்வெளி என்று சுற்றுவட்டாரத்தில் இருந்து வருவார்கள். முதல் நாள் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றைத்தான்: "ஈமெயில் இருக்கா?" இருக்கு என்பார்கள். "பாஸ்வேர்ட் தெரியுமா?" என்று கேட்டால், "அது கொமினிகேசன் கடைத் தம்பிக்குத்தான் மனே தெரியும்" என்று பதில் வரும்.

போன வருடம் ஒரு அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். பதில் வரவில்லையே என்று அலுவலகத்துக்கு எடுத்துக் கேட்டால், "நேர்முகப் பரீட்சை முடிந்து ஒரு கிழமையாகிவிட்டது, ஈமெயில் அனுப்பினோமே" என்கிறார்கள். அந்த ஈமெயிலை அவளுக்குத் திறந்து கொடுத்தது ஒரு கடை. பாஸ்வேர்ட் கடைக்காரரிடம். கணக்கில் போட்டிருந்த நம்பரும் கடையின் நம்பர். கடையோ மூடிக் கிடக்கிறது, ஆள் வெளிநாடு போய்விட்டார். மூன்று நாள் முயன்றோம். எந்த வழியில் போனாலும் கோட், அதாவது ஆள் சரிதானா என்று பார்க்க அனுப்பும் இரகசிய இலக்கம், அந்த நம்பருக்குத்தான் போனது. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் எனக்குள் நிற்கிறது.

அதனால் ஈமெயில் அனுப்புவது எப்படி என்பதற்கு முன்னால், அதை உங்கள் பெயரில், உங்கள் நம்பரில், உங்கள் கையால் திறப்பது எப்படி என்று சொல்லப் போகிறேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் கையில் இருப்பது அன்ட்ரொய்ட் போன் என்பதால் கூகிளின் ஈமெயிலான ஜிமெயிலை வைத்தே விளக்குகிறேன். ஐபோனிலும் ஜிமெயில் செயலியை இறக்கிக்கொண்டால் படிகள் ஏறத்தாழ இவைதான்.

முதலில், ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

பிளே ஸ்டோரில் எதையாவது இறக்க வேண்டுமென்றால் கூகிள் கணக்கு வேண்டும். ஆகவே உங்கள் போனில் வாட்ஸ்அப் ஓடுகிறது என்றால், யாரோ ஒருவருடைய ஈமெயில் முகவரி அதற்குள் அநேகமாக இருக்கிறது. அந்த யாரோ நீங்கள்தானா என்பதுதான் கேள்வி.

ஜிமெயில் செயலியைத் திறவுங்கள். நிற நிறமாக 'எம்' எழுத்து வரைந்த படம் அது. மேலே வலது மூலையில் சின்ன வட்டம் தெரியும். உங்கள் போட்டோவோ பெயரின் முதலெழுத்தோ அதற்குள் இருக்கும். அதைத் தொட்டால் எந்த முகவரி என்று காட்டும். மருமகனின் பெயரோ, கடையின் பெயரோ, நீங்கள் கேள்விப்படாத ஏதாவதோ வந்தால் அதை விட்டுவிட்டுப் புதிதாகத் திறவுங்கள்.

முகவரி உங்களுடையதுதான், பாஸ்வேர்ட் மட்டும் தெரியாது என்றால் கவலை வேண்டாம். கணக்கு போனில் திறந்து கிடக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. அதே வட்டத்தைத் தொட்டு 'மனேஜ் யுவர் கூகிள் அக்கவுன்ட்' என்பதற்குள் போய், 'செக்கியூரிட்டி' பகுதியில் பாஸ்வேர்டைத் தொடுங்கள். பழையதைக் கேட்டால் 'ஃபொர்கொட் பாஸ்வேர்ட்' என்பதைத் தொடுங்கள். போனைத் திறக்கும் லொக்கையோ, உங்கள் நம்பருக்கு வரும் கோடையோ கேட்டுப் பெரும்பாலும் புதிதாகப் போட விடும். அதே இடத்தில் 'யுவர் டிவைசஸ்' என்று ஒரு பட்டியலும் உண்டு. உங்கள் ஈமெயில் எந்தெந்தப் போனிலும் கொம்பியூட்டரிலும் திறந்து கிடக்கிறது என்று அது காட்டும். எப்போதோ கடையில் திறந்த கொம்பியூட்டர் இன்னும் அங்கே நின்றால், அதைத் தொட்டு 'சைன் அவுட்' கொடுத்து வெளியேற்றிவிடுங்கள்.

புதிதாகத் திறப்பது

வலது மூலை வட்டம், 'அட் அனதர் அக்கவுன்ட்', 'கூகிள்', 'கிரியேட் அக்கவுன்ட்', சொந்தப் பாவனைக்கு. இந்த வரிசையில் போங்கள். பெயரும் பிறந்த திகதியும் கேட்கும். பிறந்த திகதியைச் சரியாகக் கொடுங்கள். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தாங்களாகத் திறக்க முடியாது.

அடுத்து முகவரி. இதற்குக் கொஞ்ச நேரம் எடுத்து யோசியுங்கள், ஏனென்றால் பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல். தேசிய அடையாள அட்டையில் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து என்று எங்கள் பெயர்கள் படும் பாடு தெரிந்ததுதானே. 'த'வுக்கு ரீ மட்டுமா, ரீ எச்சா என்று போனில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் ஒரே தடவையில் பிழையில்லாமல் எழுதிக்கொண்டால் அது நல்ல முகவரி. உங்கள் பெயரை யாராவது முன்பே எடுத்திருந்தால் தகப்பனாரின் பெயரின் முதலெழுத்தையோ ஊரின் பெயரையோ சேருங்கள். செல்லப் பெயர், நடிகர் பெயர், வரிசையாக ஐந்தாறு இலக்கங்கள் வேண்டாம். இதே முகவரிதான் நாளைக்கு வேலை விண்ணப்பத்திலும் இருக்கப் போகிறது.

சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் ஈமெயிலில் இல்லை. ஜிமெயிலில் பெயருக்கு நடுவே வைக்கும் புள்ளியும் கணக்கில் வராது. புள்ளி வைத்தாலும் விட்டாலும் மடல் உங்களிடமே வரும். ஆனால் @ என்ற குறி கட்டாயம். பெயரையும், அந்தப் பெயர் இருக்கும் இடத்தையும் பிரித்துக் காட்ட 1971இல் ரே டொம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இந்தக் குறியைத் தெரிவு செய்தார். அன்றிலிருந்து மாறாமல் நிற்கிறது.

நம்பர் கேட்கும் இடத்தில் உங்கள் சொந்த நம்பர். சிம் உங்கள் அடையாள அட்டையில் எடுத்ததாக இருக்க வேண்டும். நாடு இலங்கை என்று இருந்தால் +94 தானாக வரும், முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு எழுதலாம். எஸ்எம்எஸ்ஸில் வரும் கோடைப் போட்டால் வேலை முடிந்தது.

பாஸ்வேர்ட், அப்புறம் அது தொலைந்தால் திரும்பும் வழி

எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது என்று கூகிள் சொல்லும். எட்டு போதாது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். தயிர்முட்டி, தோணி, வெள்ளிக்கிழமை, கச்சான் என்பதுபோல. நடுவில் ஒரு இலக்கம். இது உங்களுக்கு மறக்காது, மற்றவருக்கு ஊகிக்க வராது. (நான் எழுதியதையே எடுத்துப் போடாதீர்கள், உங்கள் சொற்களைத் தேடுங்கள்.) போன் நம்பர், அடையாள அட்டை நம்பர், பிள்ளையின் பெயர் ஆகிய மூன்றும்தான் மற்றவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பவை.

எழுதி வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாக எழுதுங்கள். என்னிடம் பழகும் ஒரு மாமி நெல்லுக் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதி வைத்திருக்கிறார். மேலே உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் போன காசு, கீழே பாஸ்வேர்ட், சுற்றிவர ஒரு பெட்டி. அந்தக் கொப்பி அலுமாரிக்குள் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் இருக்கிறது. வீட்டில் பூட்டி வைத்த கொப்பி நல்ல இடம். போன் கவருக்குள் மடித்து வைத்த துண்டு நல்ல இடமில்லை, போன் தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இனி மீட்பு வழி. இந்த ஒன்றைச் செய்யாமல் விட்டதால்தான் அந்தப் பிள்ளைக்கு வேலை போனது. 'செக்கியூரிட்டி' பகுதியில் 'ரிகவரி போன்', 'ரிகவரி ஈமெயில்' என்று இரண்டு இடங்கள் உண்டு. போனுக்கு உங்கள் நம்பர். ஈமெயிலுக்கு நீங்கள் முழுதாக நம்பும் ஒருவரின் முகவரி, மகனோ மகளோ தங்கச்சியோ. அவரால் உங்கள் மடல்களை வாசிக்க முடியாது, நீங்கள் மாட்டிக்கொண்டால் கோட் அவருக்குப் போகும், அவ்வளவுதான்.

அதே பகுதியில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேசன்' என்பதையும் போட்டுவிடுங்கள். அப்போது பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர் வேறு போனில் இருந்து உள்ளே வரப் பார்த்தாலும் உங்கள் போனின் சம்மதம் இல்லாமல் வர முடியாது. அதற்குள்ளேயே 'பேக்கப் கோட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. தொட்டால் எட்டு இலக்கங்கள் கொண்ட 10 கோட்கள் தரும். ஒன்றை ஒரு தடவைதான் பாவிக்கலாம். அதைத் தாளில் எழுதி அந்தக் கொப்பிக்குள் வையுங்கள். எதற்கு என்பது கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறவர்களுக்கு உடனே விளங்கும். இலங்கைச் சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம், எஸ்எம்எஸ் வராது. ரீலோட் போடாமல் நெடுநாள் கிடந்த நம்பரை நிறுவனம் நிறுத்திவிட்டு இன்னொருவருக்குக் கொடுத்துவிடவும் கூடும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் தாள்தான் கதவைத் திறக்கும்.

முதல் மடல்

முதல் மடலை உங்களுக்கே அனுப்புங்கள். பிழை வந்தாலும் வெட்கம் இல்லை.

ஜிமெயிலில் கீழே வலப்பக்கம் பென்சில் படம் போட்ட 'கம்போஸ்' இருக்கும். தொடுங்கள். 'டூ' என்ற இடத்தில் பெறுகிறவரின் முகவரி. இதில் ஒரு எழுத்து பிழைத்தாலும் மடல் போகாது, அல்லது வேறு யாருக்கோ போகும். 'சப்ஜெக்ட்' என்பது பொருள். அதை வெறுமையாக விடாதீர்கள். ஒரு நாளைக்கு ஐம்பது மடல் பார்க்கிற எழுதுவினைஞருக்கு அந்த ஒரு வரிதான் உங்கள் முகம். அதன் கீழே மடல். மேலே உள்ள காகித விமானம் போன்ற அம்புக்குறியைத் தொட்டால் போய்விடும். போனவுடன் திரையின் அடியில் சில விநாடிகளுக்கு 'அன்டூ' என்று தெரியும். ஏதாவது விட்டுப்போனது ஞாபகம் வந்தால் அதற்குள் தொட்டு மடலைத் திருப்பி எடுக்கலாம். பிந்தினால் ஒன்றும் செய்ய முடியாது.

நான் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுக்கிறேன்: முகவரியைக் கடைசியில் எழுதுங்கள். மடலை எழுதி, பைலை இணைத்து, ஒரு தடவை வாசித்து, அப்புறம் 'டூ'. முகவரி இல்லாத மடல் கை தவறினாலும் போகாது. பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் வெளியே வந்துவிடுங்கள், 'டிராஃப்ட்ஸ்' என்ற இடத்தில் அது காத்திருக்கும்.

வேலைக்கு அனுப்பும் மடல் இந்தளவு இருந்தால் போதும்:

பொருள்: விண்ணப்பம் – கணக்கு எழுதுநர் பதவி – (உங்கள் பெயர்)

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

கடந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வெளிவந்த விளம்பரத்தின்படி மேற்படி பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்துள்ளேன். மொத்த வியாபார நிலையம் ஒன்றில் இரண்டு வருடங்கள் கணக்கு எழுதிய அனுபவம் உண்டு. சுயவிபரக் கோவையும் சான்றிதழ்களும் இரண்டு பைல்களாக இணைக்கப்பட்டுள்ளன. கிடைத்ததை அறியத்தந்தால் நன்றியுடையவளாவேன்.

இங்ஙனம்,
பெயர், போன் நம்பர்

'கிடைத்ததை அறியத்தாருங்கள்' என்ற வரியை விடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் பதில் இல்லையென்றால் எடுத்துக் கேட்க அது ஒரு நியாயம்.

'டூ'வுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்பைத் தொட்டால் 'சிசி', 'பிசிசி' என்று இரண்டு வரும். சிசியில் போடுகிறவருக்கும் மடல் போகும், எல்லோருக்கும் அது தெரியும். பிசிசியில் போடுகிறவரை மற்றவர்கள் காண மாட்டார்கள். சங்கத்தில் முப்பது பேருக்குக் கூட்ட அறிவித்தல் அனுப்புகிறீர்கள் என்றால் முப்பது முகவரியும் பிசிசியில் போடுங்கள், ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பதில் எழுதும்போது 'ரிப்ளை' என்றால் அனுப்பியவருக்கு மட்டும், 'ரிப்ளை ஆல்' என்றால் எல்லோருக்கும்.

சான்றிதழை இணைக்கும் விதம்

வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோ வழமையாகச் சுருங்கித்தான் போகும். சான்றிதழில் உள்ள சின்ன எழுத்தும் முத்திரையும் மங்கிவிடும். ஈமெயிலில் இணைத்தால் எடுத்த தெளிவிலேயே போகும். ஆனால் எடுத்த விதம் சரியில்லை என்றால் ஈமெயிலும் ஒன்றும் செய்ய முடியாது.

காலை வெளிச்சத்தில் விறாந்தைக்கு வாருங்கள். நேரடி வெயில் வேண்டாம். சான்றிதழைச் சீமெந்துத் தரையிலோ கறுத்த துணியிலோ சமனாக வைத்து, உங்கள் நிழல் விழாத பக்கம் நில்லுங்கள். பிளாஸ்டிக் உறையில் இருந்தால் வெளியே எடுங்கள், உறை மினுங்கி எழுத்தை மறைக்கும். சாதாரண கமராவால் எடுக்காமல், பைல்களைச் சேமித்து வைக்கும் கூகிள் டிரைவ் செயலியைத் திறந்து, அதில் கமரா படம் போட்ட 'ஸ்கான்' என்பதைப் பாவியுங்கள். அது ஓரங்களை வெட்டி நேராக்கி, எங்கே திறந்தாலும் ஒரே மாதிரித் தெரியும் பிடிஎஃப் பைலாகச் சேமிக்கும். ஐந்து சான்றிதழ்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஒரே பைலாகவும் ஆக்கலாம். ஐபோனில் 'நோட்ஸ்' செயலியிலேயே இந்த வசதி உண்டு. கடையில் ஸ்கான் பண்ணக் கொடுக்கும் காசும் மிச்சம், உங்கள் அடையாள அட்டையின் பிரதி கடைக் கொம்பியூட்டரில் தங்கவும் மாட்டாது.

பைலுக்கு உங்கள் பெயரையும் உள்ளே இருப்பதையும் பெயராக வையுங்கள். போன் தானாக வைக்கும் நீளமான இலக்கத்தை அப்படியே அனுப்பினால், பெறுகிறவரின் கொம்பியூட்டரில் நூறு பைல்களுக்குள் உங்களுடையது காணாமல் போகும்.

மடல் எழுதும் திரையில் மேலே தெரியும் கிளிப் படத்தைத் தொட்டுப் பைலைத் தெரிவு செய்யுங்கள். ஜிமெயிலில் ஒரு மடலோடு 25 எம்பி வரை இணைக்கலாம். அதைவிடப் பெரியதென்றால் டிரைவில் ஏற்றி, தொட்டால் பைல் திறக்கும் லிங்க்காக அனுப்பும். சிக்னல் குறைந்த இடமானால் அதற்கு முன்பே சிக்கல் வரும். படுவான்கரைப் பக்கம் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளியில் இருந்து வருகிறவர்கள் "அனுப்பினேன், போகவில்லை" என்பார்கள். பார்த்தால் 'அவுட்பாக்ஸ்' என்ற இடத்தில் மடல் நிற்கும். திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம். சிக்னல் வந்ததும் அது தானாகப் போகும். 'சென்ட்' என்ற பெட்டியில் தெரிந்தால்தான் போனதாகக் கணக்கு. விண்ணப்ப முடிவுத் திகதி அன்று இரவு பதினொரு மணிக்கு அனுப்புவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தமிழில் எழுதுங்கள்

ஈமெயில் என்றாலே ஆங்கிலம் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. பிரதேச செயலகத்துக்கோ கச்சேரி என்கிற மாவட்ட செயலகத்துக்கோ தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, கடதாசியில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மடலைச் செல்லாது என்று தள்ளவும் முடியாது.

போனில் ஜிபோர்ட் என்ற விசைப்பலகை இருந்தால் அதன் செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். தமிழ் எழுத்துகளைத் தொட்டு எழுதலாம், அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றலாம், மைக் படத்தைத் தொட்டுப் பேசியும் எழுதலாம். பேசி எழுதுவதற்கு 'தமிழ் (இலங்கை)' என்று தனியாகவே இருக்கிறது. வயதானவர்களுக்கு இது பெரிய வரம். பேசிய பிறகு ஒரு தடவை வாசித்துத் திருத்துங்கள், ஊர்ப்பெயர்களைத்தான் அது அதிகம் பிழையாக எழுதும்.

எங்கள் நாட்டுக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. அச்சகங்களிலும் பல அலுவலகங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அது பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. அப்படிச் செய்த வேர்ட் பைலை உங்கள் போனில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும்தான் தெரியும். போன் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. போனில் ஒரு பழுதும் இல்லை. "பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்" என்று அவர்களிடம் கேளுங்கள், சரியாகத் தெரியும். நீங்கள் யாரிடமாவது தட்டச்சுக்குக் கொடுத்தால் "யூனிகோடில் அடித்துத் தாருங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள், போனிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறை அது.

சிங்களத்தில் மடல் வந்தால்? மடலைத் திறந்து மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'டிரான்ஸ்லேட்' இருக்கும். தமிழைத் தெரிவு செய்யுங்கள். விஷயம் என்ன என்று விளங்கும். திகதி, நேரம், தொகை ஆகியவற்றை மட்டும் மூல மடலோடு ஒத்துப் பாருங்கள்.

வருகிறதைப் பார்ப்பது

ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது திறந்து பாருங்கள். இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டால் 'ஸ்பேம்' என்ற பெட்டி தெரியும். கூகிளுக்குச் சந்தேகம் வந்த மடல்கள் அங்கே போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதமும் சில வேளை அங்கே போய்விடும். 30 நாளில் அது தானாக அழிந்துவிடும் என்பதால் கிழமைக்கு ஒரு தடவை அங்கேயும் எட்டிப் பாருங்கள். நல்ல மடல் ஒன்று கிடந்தால் திறந்து, ஸ்பேம் இல்லை என்று சொல்லி எடுத்துவிடலாம்.

கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஈமெயிலுக்கு மட்டுமல்ல, டிரைவுக்கும் கூகிள் போட்டோசுக்கும் சேர்த்துத்தான். அன்ட்ரொய்ட் போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும், அதாவது அதன் காப்புப் பிரதியும், 2024இல் இருந்து இதற்குள்தான் வருகிறது. கலியாண வீட்டு வீடியோக்கள் எல்லாம் பேக்கப்பில் போய் நிறைந்துவிட்டால் ஈமெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். வாட்ஸ்அப்பின் பேக்கப் செட்டிங்ஸில் வீடியோவை விலக்கிவிடுங்கள். ஜிமெயிலின் தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் larger:10m என்று இடைவெளி விடாமல் அடித்தால் 10 எம்பிக்கு மேற்பட்ட மடல்கள் மட்டும் வரும், வேண்டாததை அழிக்கலாம். இரண்டு வருடம் முழுக்கப் பாவிக்காத கணக்கைக் கூகிள் அழித்துவிடக் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொழில் செய்கிறவர்களுக்கு

அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் இரண்டு மூன்று அறை வைத்து வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஈமெயில்தான் வரவேற்பறை. வெளிநாட்டில் இருந்து கேட்கிறவர் நாலு இடத்துக்கு ஒரே நேரத்தில் எழுதியிருப்பார், முதலில் தெளிவாகப் பதில் சொல்கிறவருக்கு அறை போகும். எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை, எத்தனை பேர், ஓர் இரவுக்கு எவ்வளவு, காலைச் சாப்பாடு சேர்த்தா, எத்தனை மணிக்கு வரலாம். இந்த ஐந்தும் பதிலில் இருக்கட்டும். அந்தப் பதிலைப் போனில் உள்ள குறிப்புச் செயலியில் ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் எடுத்து ஒட்டித் திகதியை மட்டும் மாற்றலாம். ஒட்டிய பிறகு பழைய ஆளின் பெயர் மேலே நிற்கிறதா என்று பாருங்கள்.

மருதமுனையில் கைத்தறி நெய்கிற ஒரு தங்கச்சி என்னிடம் பழகினாள். கொழும்புக் கடை ஒன்று போனிலேயே ஓடர் சொல்லும், நெய்து அனுப்பிய பிறகு "இந்த நிறம் சொல்லவில்லையே" என்று திருப்பி அனுப்பும். இப்போது ஒவ்வொரு ஓடருக்கும் நூலின் போட்டோவை இணைத்து, நிறம், எண்ணிக்கை, விலை, கொடுக்கும் திகதி எழுதி, "இது சரி என்றால் பதில் போடுங்கள், அதற்குப் பிறகுதான் தறியில் ஏற்றுவேன்" என்று ஈமெயில் அனுப்புகிறாள். அவர்கள் 'சரி' என்று ஒரு சொல் எழுதினால் போதும். திகதியோடு நிற்கும். அதற்குப் பிறகு ஒரு சேலையும் திரும்பி வரவில்லை.

அலுவலகங்களோடும் இதே வழிதான். நேரில் சொன்னதைப் பின்னேரம் ஒரு மடலாக எழுதி அனுப்புங்கள்: இன்று இன்னாரைச் சந்தித்தேன், இன்னது சொன்னார்கள் என்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கும் தகவலுக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி. எந்த நாளில் கேட்டீர்கள் என்று காட்ட உங்கள் 'சென்ட்' பெட்டி இருக்கிறது.

ஏமாற்று மடல்கள்

தபாலில் உங்களுக்குப் பொதி வந்து நிற்கிறது, சின்னத் தொகை கட்டுங்கள் என்று வரும். வங்கிக் கணக்கு நிறுத்தப்படும் என்று வரும். கனடாவில் வேலை, விசாக் காசு முதலில் என்று வரும். எல்லாவற்றிலும் அவசரம் இருக்கும், ஒரு லிங்க்கும் இருக்கும். அனுப்பியவர் பெயராகத் தெரிவது யாரும் எழுதக்கூடியது. அந்தப் பெயரைத் தொட்டு உண்மையான முகவரியைப் பாருங்கள். அரச நிறுவனங்களின் சொந்த முகவரிகள் ஜிஓவி புள்ளி எல்கே என்று முடியும். ஆனால் எங்கள் பக்கத்துச் சில அலுவலகங்கள் ஜிமெயிலும் பாவிக்கின்றன, ஆகவே சந்தேகம் என்றால் மடலில் உள்ள நம்பருக்கு எடுக்காமல் உங்களிடம் முன்பே உள்ள நம்பருக்கு எடுத்துக் கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்து அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். இணையத்தில் மாட்டிக்கொண்டால் இலங்கைக் கணினி அவசரப் பிரிவின் 101 இருக்கிறது. கோட் கேட்டு வரும் அழைப்பு யாருடையதானாலும் கோடைச் சொல்லாதீர்கள். வங்கிக்காரர் என்றாலும், சொந்தக்காரரின் குரல் என்றாலும்தான்.

போனை மாற்றும்போது

பழைய போனை விற்கவோ மருமகளுக்குக் கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் முதலில் புதிய போனில் உங்கள் ஈமெயிலைத் திறந்து, மடல்கள் வருகின்றன என்று பாருங்கள். அப்புறம் பழைய போனின் செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் உங்கள் கணக்கை நீக்கிவிட்டு, அதன்பிறகு உள்ளே இருப்பதெல்லாம் அழியும்படி முழுதாக ரீசெட் செய்யுங்கள். வரிசை முக்கியம். கணக்கை நீக்காமல் பட்டன்களைப் பிடித்து ரீசெட் செய்தால், வாங்கினவர் போனை மூட்டும்போது உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு அடம்பிடிக்கும்.

நம்பரை மாற்றினால் அன்றைக்கே 'ரிகவரி போன்' நம்பரையும் மாற்றுங்கள், பழைய சிம் இன்னும் வேலை செய்யும்போதே. வெளிநாடு போகிறவர் என்றால் பயணத்துக்கு ஒரு கிழமை முன்பு வீட்டில் இன்னொரு போனை எடுத்து, உங்கள் முகவரியைப் போட்டு, எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டு, 'பேக்கப் கோட்ஸ்' எழுதிய தாளில் உள்ள கோட் ஒன்றால் உள்ளே போய்ப் பாருங்கள். திறந்தால், பாவித்த கோடை வெட்டிவிட்டு, மிச்ச ஒன்பதையும் இன்னொரு தாளில் எழுதிப் பாஸ்போட்டோடு வையுங்கள். ஒரு பிரதி கையில், ஒரு பிரதி அலுமாரிக் கொப்பியில்.